தலைப்பில் நிற்கும் எண்: தரவிலிருந்து மேக்ரோ மாறிக்கு

மருத்துவப் பரிசோதனை ஒன்றின் முடிவறிக்கையைப் புரட்டினால், ஏறக்குறைய ஒவ்வோர் அட்டவணையின் தலைப்பிலும், சிகிச்சைக் குழுவின் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் ஓர் எண் நிற்பதைக் காணலாம். அந்தக் குழுவில் எத்தனை பேர் என்பதைச் சொல்லும் எண் அது. இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் அதைப் ‘பிக் என்’ என்பார்கள். அட்டவணையில் அதற்குக் கீழே வரும் ஒவ்வொரு சதவீதத்தையும் வகுக்கும் எண்ணும் அதுவே. ஒரு பக்கவிளைவு 84 பேரில் 10 பேருக்கு வந்திருந்தால் அது 11.9 சதவீதம், வகுக்கும் எண் தவறிப்போய் 86 ஆகிவிட்டால் 11.6. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் மருந்தை அனுமதிப்பதா என்று முடிவெடுக்கும் அதிகாரி கையில் போய்ச் சேரும் ஆவணத்தில் சிறிய பிழை, பெரிய பிழை என்ற பாகுபாட்டுக்கு இடமில்லை என்பதே என் எண்ணம்.

அந்த எண்ணை நிரலில் கையால் எழுதக் கூடாது, தரவிடம் கேட்டுத்தான் பெற வேண்டும் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். கேட்பதற்கு, புள்ளியியல் வேலைகளுக்கான நிரல் மொழியாகிய சாஸ் தரும் வழி, டேட்டாசெட்டில், அதாவது தரவு அட்டவணையில், உள்ள மதிப்பை மேக்ரோ மாறியில் ஏற்றுவது. பயிற்சி வகுப்புகளில் இதை அரை மணி நேரத்தில் கற்றுத் தந்துவிடுவார்கள். சென்னையிலும் பெங்களூருவிலும் ஐதராபாத்திலும் வெளிநாட்டு மருந்து நிறுவனங்களுக்காக இத்தகைய அட்டவணைகளைத் தயாரிப்போர் ஏராளம். அவர்களில் பலர் முதல் வாரத்திலேயே இதைப் பயன்படுத்தத் தொடங்கிவிடுவார்கள். எனினும் நிரல் ஓடி முடிந்து, ஓட்டத்தைப் பதிவு செய்யும் லாகில் சிவப்பெழுத்து ஒன்றுகூட இல்லாமல், தவறான எண் தலைப்பில் ஏறி நிற்கும் வாய்ப்பு இந்தச் சிறிய உத்திக்குள் எத்தனை இடங்களில் ஒளிந்திருக்கிறது என்பதை யாரும் ஒரே மூச்சில் சொல்லித் தருவதில்லை.

பேச்சுக்கு ஓர் உண்மையான தரவை எடுத்துக்கொள்வோம். மருத்துவத் தரவுக்கான தரநிலைகளை வகுக்கும் சிடிஸ்க் அமைப்பு, அவற்றைச் செய்துகாட்டுவதற்காக, எலி லில்லி நிறுவனம் அளித்த அல்சைமர் நோய்ப் பரிசோதனை ஒன்றின் தரவைப் பொதுவில் வைத்திருக்கிறது. சனோமெலின் என்ற மருந்தைத் தோலில் ஒட்டும் பட்டை வழியாகச் செலுத்திப் பார்த்த பரிசோதனை அது. அதன் ஏடிஎஸ்எல் டேட்டாசெட்டில் ஒருவருக்கு ஒரு வரி வீதம் 254 வரிகள் உள்ளன. ஒதுக்கப்பட்ட சிகிச்சைப்படி மருந்தில்லாத போலிச் சிகிச்சையான பிளாசிபோவில் 86 பேர், குறைந்த அளவு சனோமெலினில் 84 பேர், அதிக அளவில் 84 பேர். பங்கேற்க வந்தவர்களின் அடிப்படை விவரங்களைக் கொண்ட, அதே பரிசோதனையின் டிஎம் டேட்டாசெட்டிலோ 306 வரிகள் இருக்கும். தகுதித் தேர்விலேயே வெளியேறிய 52 பேரும் அதில் அடக்கம். ஆகவே, ‘மொத்தம் எத்தனை பேர்’ என்ற கேள்விக்கு ஒரே பரிசோதனைக்குள்ளேயே இரண்டு சரியான விடைகள் உண்டு. எந்த அட்டவணைக்கு எது பொருந்தும் என்பதைப் பகுப்பாய்வுத் திட்டம் முடிவு செய்கிறது. முடிவான பரிசோதனையாதலால் இந்த எண்கள் இனி மாறப்போவதில்லை. நடந்துகொண்டிருக்கும் பரிசோதனையில் அப்படியல்ல. தரவுத்தளத்தைப் பூட்டும் நாள் வரை, தரவு தவணை தவணையாக வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு தவணையிலும் ஆட்கள் கூடுவார்கள். சில வேளைகளில் ஒருவர் ஒரு தொகுதியிலிருந்து நீக்கப்படுவார். நிரலில் 86 என்று தட்டச்சு செய்து வைத்தவர் ஒவ்வொரு தவணைக்கும் நூறு நிரல்களைத் திறந்து திருத்த வேண்டியிருக்கும். தொண்ணூற்றொன்பதைத் திருத்தினாலும் அறிக்கை தவறுதான்.

மேக்ரோ மாறி என்பது என்ன என்பதில் முதலில் தெளிவு வேண்டும். டேட்டாசெட்டில் உள்ள மாறி ஒரு நெடுவரிசை; ஒவ்வொரு வரிக்கும் அதற்கு ஒரு மதிப்பு உண்டு; எண்ணாகவோ எழுத்தாகவோ ஒரு வகை உண்டு. மேக்ரோ மாறிக்கு வரியும் இல்லை, வகையும் இல்லை. சிம்பல் டேபிள் எனப்படும் நினைவகப் பட்டியலில் ஒரு பெயரும், அதற்கு நேராக ஓர் எழுத்துச் சரமும், அவ்வளவே. 86 என்று அதில் கிடப்பது எண்ணன்று. எட்டும் ஆறும் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எழுத்துகள். நிரலில் & குறியோடு அந்தப் பெயர் வரும் இடத்தில், அந்த எழுத்துகளை மேக்ரோ செயலி அப்படியே பெய்துவிட்டு நகர்ந்துவிடும். பெய்த பிறகுதான், நிரலை ஓடக்கூடிய வடிவுக்கு மாற்றும் சாஸ் கம்பைலர் அந்த வரியைப் படிக்கும். அதாவது மேக்ரோ மொழியின் வேலை நிரலை எழுதுவது; கணக்குப் போடுவது அன்று. இதனால்தான், மேக்ரோ மாறிக்கு நேரடியாக மதிப்பு கொடுக்கும் %லெட் கட்டளையால் டேட்டாசெட்டுக்குள் எட்டிப் பார்க்க முடிவதில்லை. அதன் வலப்பக்கத்தில் ஒரு நெடுவரிசையின் பெயரை எழுதினால், அந்த நெடுவரிசையின் மதிப்பு வராது. அதன் பெயரில் உள்ள எழுத்துகளே மேக்ரோ மாறியின் மதிப்பாகிவிடும். தரவில் உள்ளதை அந்தப் பட்டியலுக்கு அனுப்ப, தரவைப் படித்துக்கொண்டிருக்கும் ஒன்றால்தான் முடியும். அதற்குப் பெரிதும் பயன்படுபவை இரண்டு: தரவை வரி வரியாகக் கையாளும் நிரல் பகுதியான டேட்டா ஸ்டெப்புக்குள் கால் சிம்புட், கால் சிம்புட்எக்ஸ் என்னும் அழைப்புகள், எஸ்க்யூஎல் வினவல் மொழியைச் சாஸுக்குள் எழுத உதவும் ப்ராக் எஸ்க்யூஎலில் செலக்ட் வாக்கியத்தோடு வரும் இன்டு.

இங்கேதான் காலம் குறுக்கே வருகிறது. ஒரு டேட்டா ஸ்டெப் முதலில் முழுமையாகக் கம்பைல் ஆகிறது. அதன் பிறகே வரி வரியாக ஓடுகிறது. & குறி கொண்ட பெயர்கள் யாவும் முதல் கட்டத்திலேயே தீர்க்கப்பட்டுவிடும். கால் சிம்புட்எக்ஸ் மதிப்பை எழுதுவதோ இரண்டாம் கட்டத்தில். ஆகவே, ஒரு ஸ்டெப்புக்குள் மேக்ரோ மாறியை உருவாக்கிவிட்டு, அதே ஸ்டெப்பில் & குறியோடு அதைப் பயன்படுத்த முடியாது. எத்தனை பேர் வந்தார்கள் என்பது பந்தியில் இலை போட்ட பிறகுதான் தெரியும். அரிசியை அதற்கு வெகு முன்பே களைந்தாக வேண்டும். ரன் என்ற சொல்லோடு அந்த ஸ்டெப் முடிந்து, ஓடித் தீர்ந்து, அடுத்த ஸ்டெப் தொடங்கும்போதுதான் புதிய மதிப்பு & குறிக்குக் கிடைக்கும். அதே ஸ்டெப்பிலேயே வேண்டும் என்றால் சிம்கெட் என்ற செயற்கூற்றை நாட வேண்டும். அது ஓடும் நேரத்தில் பட்டியலைத் திறந்து பார்க்கும்.

இந்தக் கால ஒழுங்கை மீறினால் என்ன ஆகும் என்பதில் ஒரு நுட்பம் உண்டு. அந்தப் பெயரில் அதற்கு முன் மேக்ரோ மாறி எதுவும் இல்லையென்றால், அந்தக் குறியீடு தீர்க்கப்படவில்லை என்று லாகில் எச்சரிக்கை வரும், கவனித்துத் திருத்திவிடலாம். அதே பெயரில் பழைய மதிப்பு ஒன்று ஏற்கெனவே இருந்தால் எச்சரிக்கை ஏதும் வராது. பழைய மதிப்பே சத்தமில்லாமல் நிரலில் ஏறும். காலையில் ஒரு டேட்டாசெட்டுக்கு ஓட்டிய நிரலை, அதே அமர்வில், மாலையில் இன்னொன்றுக்கு ஓட்டும்போது, மாலை அட்டவணைக்குக் காலை எண் வந்து சேரும். சாஸில் எனக்கு அச்சம் தருவது பிழைச் செய்தி அன்று. பிழைச் செய்தி வர வேண்டிய இடத்தில் பழைய மதிப்பு ஒன்று தயாராகக் காத்திருப்பதுதான். இக்கட்டுரையில் இனி வரும் பலவும் இந்த ஓர் அச்சத்தின் வெவ்வேறு முகங்களே.

கால் சிம்புட், கால் சிம்புட்எக்ஸ் இரண்டில் முன்னது பழையது. முதல் இடத்தில் மேக்ரோ மாறியின் பெயரையும் இரண்டாம் இடத்தில் மதிப்பையும் கேட்கும். மதிப்பாக எண் நெடுவரிசை ஒன்றை நேரடியாகக் கொடுத்தால், அதைப் பன்னிரண்டு இடங்கள் கொண்ட எழுத்துச் சரமாக மாற்றி, வலப்பக்கம் ஒட்டி வைக்கும். 86 என்ற எண்ணுக்கு இரண்டு இடங்கள் போதும். ஆகவே அதற்கு முன்னால் பத்து வெற்றிடங்கள் சேர்ந்துகொள்ளும். அட்டவணைத் தலைப்பில் அது அடைப்புக்குறிக்கும் சமக்குறிக்கும் பின்னால் பெரிய பள்ளமாகத் தெரியும். இதைத் தவிர்க்கப் பழைய நிரல்களில் புட் செயற்கூற்றால் எண்ணை எழுத்தாக்கி, லெஃப்ட், டிரிம் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் பொதித்து எழுதியிருப்பார்கள். ஒன்பதாம் பதிப்பில் வந்த சிம்புட்எக்ஸ் இரு பக்க வெற்றிடங்களையும் தானே களைந்துவிடுகிறது. எண்ணை எழுத்தாக்கப் பன்னிரண்டுக்குப் பதில் முப்பத்திரண்டு இடங்கள் வரை எடுத்துக்கொள்கிறது. எண் எழுத்தாக மாற்றப்பட்டது என்ற குறிப்பை லாகில் எழுதுவதும் இல்லை. இந்தக் குறிப்பு இல்லாதது சிறிய வசதி போலத் தோன்றும். ஆனால் பல நிறுவனங்களில் இத்தகைய குறிப்பு ஒன்றுகூட இல்லாத லாகைத்தான் ஏற்றுக்கொள்வார்கள் என்பதால் அது உண்மையிலேயே பெரிய வசதி. பழைய நிரலைப் பராமரிக்கும்போது தவிர, சிம்புட்டைப் புதிதாக எழுதக் காரணம் எதையும் நான் காணவில்லை.

ப்ராக் எஸ்க்யூஎல் வழி எழுதுவதற்கு இன்னும் சுருக்கமானது. எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, இன்டு என்று எழுதி, முக்காற்புள்ளியோடு மேக்ரோ மாறியின் பெயரைக் கொடுத்தால் போதும். எண்ணுவதும் ஏற்றுவதும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். இங்கும் தனி மாறி ஒன்றில் ஏற்றும்போது வெற்றிடங்கள் ஒட்டிக்கொண்டு வரும். இம்முறை எட்டு இடங்களுக்குள் வலப்பக்கமாக. 9.3 பதிப்புக்குப் பிறகு டிரிம்டு என்ற சொல்லைச் சேர்த்தால் அவை நீங்கும். அதற்கு முந்தைய காலத்து நிரலாளர்கள், %லெட் கட்டளையால் அந்த மாறிக்கு அதன் மதிப்பையே மீண்டும் கொடுப்பார்கள். %லெட் ஓரத்து வெற்றிடங்களை உதறிவிடும் என்பதால் அது வேலை செய்தது. ஒரு மாறியை அதற்கே சமமாக்கும் அந்த வரியைப் பார்த்துக் குழம்பாத புதியவர் இல்லை. தெரியாமல் அழித்துவிடாதீர்கள், அது வேலை செய்துகொண்டிருக்கிறது.

எட்டு இடங்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. பத்து இலக்க எண் ஒன்றை வடிவம் குறிப்பிடாமல் இன்டு வழியாக அனுப்பினால், அது அடுக்குக்குறி வடிவில் சுருங்கி, கடைசி இலக்கங்களை இழந்து நிற்கும். 1234567890 என்பது 1.2346 என்ற எண்ணோடு பத்தின் ஒன்பதாம் அடுக்காகிவிடும். அடையாள எண்களை எண் வகை நெடுவரிசையாக வைத்திருப்பவர்களுக்கு இது தீராத தொல்லை. தேர்ந்தெடுக்கும் நெடுவரிசையோடு அகலமான வடிவம் ஒன்றைக் குறிப்பிடுவதே தீர்வு.

மூன்று சிகிச்சைக் குழுக்களுக்கும் சேர்த்து எண்களை வாங்கும்போது விஷயம் இன்னும் கனமாகிறது. சிகிச்சை வாரியாகக் குழுவாக்கி எண்ணி, விடைகளை என்1 முதல் என்3 வரையிலான மேக்ரோ மாறிகளில் வரிசையாகப் போடச் சொல்லலாம். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். முதல் வரி முதல் மாறிக்கு, இரண்டாம் வரி இரண்டாம் மாறிக்கு. ஆனால் வரிசை எதன்படி? சிகிச்சையின் பெயர்ப்படி அடுக்கினால் ஆங்கில அகரவரிசையில் பிளாசிபோ முதலிலும், சனோமெலின் அதிக அளவு இரண்டாவதாகவும், குறைந்த அளவு மூன்றாவதாகவும் வரும். ஆங்கிலத்தில் ‘ஹை’ என்பது ‘லோ’ என்பதற்கு முன்னால் நிற்கிறது. அட்டவணையிலோ, வழக்கப்படி, பிளாசிபோ, குறைந்த அளவு, அதிக அளவு என்றே நெடுவரிசைகள் அமைந்திருக்கும். இரண்டாம் நெடுவரிசைக்கு மூன்றாம் குழுவின் எண் போய்ச் சேரும். இந்தத் தரவில் இரு குழுக்களிலும் 84 பேரே இருப்பதால், பிழை இருந்தாலும் தலைப்பைப் பார்த்து ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. இதே நிரலை, இரு குழுக்களின் எண்ணிக்கை வேறுபடும் இன்னொரு பரிசோதனைக்கு எடுத்துப் போகும் நாளில்தான் அது வெளிப்படும்; அதுவும், யாராவது கவனித்துப் பார்த்தால்.

வரிசை சரியாக அமைந்தாலும் இன்னோர் ஆபத்து எஞ்சியிருக்கிறது. குழுவாக்கி எண்ணும்போது, ஆளே இல்லாத குழுவுக்கு வரியே வராது. பக்கவிளைவால் மருந்தை நிறுத்தியவர்களை மட்டும் எண்ணும் அட்டவணை ஒன்றை நினைத்துப் பாருங்கள். குறைந்த அளவுக் குழுவில் அப்படி ஒருவரும் இல்லாவிட்டால், அதிக அளவுக் குழுவின் எண் இரண்டாவது மாறியில் ஏறிவிடும். மூன்றாவது மாறி ஒன்று உருவாகவே உருவாகாது, அல்லது முந்தைய அட்டவணை விட்டுச்சென்ற மதிப்போடு நிற்கும். இரண்டில் எது நேர்ந்தாலும் அறிக்கை பொய் சொல்லும். இடத்தை நம்பிப் பெயர் வைப்பதே இதன் வேர் என்பது என் முடிவு. அந்தத் தரவில் சிகிச்சைக்கு 0, 54, 81 என்ற எண் குறியீடுகள் உள்ளன. டேட்டா ஸ்டெப் ஒன்றில் சிம்புட்எக்ஸின் முதல் இடத்தில் நிலையான பெயரைக் கொடுக்காமல், ‘என்’ என்ற எழுத்தோடு அந்தக் குறியீட்டை ஒட்டிக் கொடுத்தால், என்0, என்54, என்81 என்ற பெயர்களில் மாறிகள் உருவாகும். வரிசை எப்படிக் குலைந்தாலும், நடுவில் ஒரு குழு காணாமல் போனாலும், என்81 என்பது அதிக அளவுக் குழுவை மட்டுமே குறிக்கும். பெயரையே தரவிலிருந்து எடுத்துக்கொள்ள முடிவது சிம்புட்எக்ஸின் பெரிய பலம். இன்டு வழியில் பெயர்களை முன்கூட்டியே எழுதியாக வேண்டும்.

காணாமல் போன குழுவுக்கு என்ன செய்வது என்றால், எண்ணத் தொடங்குவதற்கு முன்பே மூன்று மாறிகளுக்கும் %லெட் கட்டளையால் பூச்சியம் கொடுத்துவிட வேண்டும். மூன்று வரிகள்தான், சோம்பல் வேண்டாம். ஒரு வரியையும் தேர்ந்தெடுக்காத செலக்ட் வாக்கியம் தன் இன்டு மாறியைத் தொடுவதே இல்லை. பழைய மதிப்பு பழையபடி இருக்கும். வரியே இல்லாத டேட்டாசெட்டைப் படிக்கும் டேட்டா ஸ்டெப்பும் அப்படித்தான்: செட் வாக்கியம் படிக்க ஒன்றும் இல்லாமல் ஸ்டெப்பை அங்கேயே முடித்துவிடும், அதற்குக் கீழே எழுதிய சிம்புட்எக்ஸ் ஒருமுறைகூட ஓடாது. குழுவாக்காமல் வெறுமனே எண்ணிக்கையைக் கேட்கும் வாக்கியம் மட்டும் விதிவிலக்கு. வரிகளே இல்லாவிட்டாலும் அது பூச்சியம் என்ற ஒரு வரியைத் தரும். இந்த விதிவிலக்கில் பழகியவர்களே குழுவாக்கும் வாக்கியத்தில் ஏமாறுகிறார்கள்.

வரிகளை எண்ணாமலேயே எண்ணிக்கையை அறியும் வழி ஒன்றும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. செட் வாக்கியத்தில் நாப்ஸ் என்ற விருப்பைச் சேர்த்து, அதற்கொரு பெயர் கொடுத்தால், டேட்டாசெட்டின் முகப்புப் பகுதியில் பதிந்திருக்கும் வரி எண்ணிக்கை கம்பைல் நேரத்திலேயே அந்தப் பெயரில் வந்து அமர்ந்துவிடும். ஆகவே, முதலில் சிம்புட்எக்ஸ், அடுத்து ஸ்டாப், அதற்கும் கீழே ஓடவே போகாத செட் வாக்கியம் என்று எழுதலாம். ஒரு வரியைக்கூடப் படிக்காமல் விடை கிடைக்கும். காலியான டேட்டாசெட்டுக்கும் பூச்சியம் என்று சரியாகச் சொல்லும். ஆனால் வரிகளை வடிகட்டும் ‘வேர்’ (where) நிபந்தனையை அது கணக்கில் கொள்ளாது. நீக்கப்பட்டதாகக் குறியிட்ட வரிகளையும் சேர்த்தே சொல்லும். வடிகட்டி முடித்த டேட்டாசெட்டில் மட்டும் இதைப் பயன்படுத்துவது நல்லது.

மதிப்பு எண்ணாக இருக்கும் வரை தொல்லை குறைவு. எழுத்து மதிப்புகள் வேறு. நமது பரிசோதனையின் நோயின் பெயரே ஆங்கிலத்தில் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைச் சுமந்திருக்கிறது. இரத்தப் பரிசோதனை அளவீடுகளின் பெயர்களில் % குறி சாதாரணமாக வரும்; நிறுவனப் பெயர்களில் & குறி வரும். இவை மேக்ரோ மாறிக்குள் ஏறும்போது எந்தச் சிக்கலும் இல்லை; & குறியோடு வெளியே எடுக்கும்போதுதான், அந்தக் குறிகளை மேக்ரோ செயலி தனக்கான கட்டளைகள் என்று எண்ணிக்கொண்டு தொடர்ந்து தீர்க்க முயலும். இல்லாத மாறியைத் தேடி எச்சரிக்கும். துணையில்லாத ஒற்றை மேற்கோள் கிடைத்தால், அடுத்து வரும் நிரல் வரிகளையெல்லாம் அந்த மேற்கோளுக்குள் விழுங்கிவிடும். %சூப்பர்க்யூ என்ற செயற்கூறு, மாறியின் மதிப்பை உள்ளே எதையும் தீர்க்காமல் மூடியபடியே எடுத்துத் தரும். தரவிலிருந்து வந்த எழுத்து மதிப்பு எதையும் மேக்ரோ நிபந்தனைகளில் ஒப்பிடும்போது அதைப் பயன்படுத்துவதை வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

இனி, மாறி எங்கே வாழ்கிறது என்பது. சிம்புட் அழைப்பு, பெயரிட்டு வேண்டும்போது அழைக்கும் நிரல் துண்டான மேக்ரோ ஒன்றின் உள்ளே ஓடும்போது, அந்த மேக்ரோவுக்குரிய உள்பட்டியலில் ஏற்கெனவே ஏதேனும் ஒரு மாறி இருந்தால் புதிய மாறியும் அங்கே போகும். மேக்ரோ முடிந்ததும் மறைந்துவிடும். உள்பட்டியல் காலியாக இருந்தால் வெளிப்பட்டியலுக்குப் போய் அமர்வு முடியும் வரை நிலைக்கும். இதன் விளைவு விசித்திரமானது. அளபுரு, அதாவது அழைக்கும்போது கொடுக்கும் உள்ளீடு, எதுவும் இல்லாத மேக்ரோ ஒன்று நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்; அதில் உருவான எண்ணை வெளியே உள்ள அட்டவணைப் பகுதி பயன்படுத்திக்கொண்டிருக்கும். யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு அந்த மேக்ரோவுக்கு ஓர் அளபுருவைச் சேர்ப்பார். அந்த நொடியில் உள்பட்டியல் காலியாக இல்லாமல் போகிறது; எண் வெளியே வருவது நின்றுவிடுகிறது. சேர்த்தவருக்குத் தான் செய்ததற்கும் நடந்ததற்கும் என்ன தொடர்பு என்று தெரியவே தெரியாது. சிம்புட்எக்ஸின் மூன்றாம் இடத்தில் ‘ஜி’ என்ற எழுத்தைக் கொடுத்தால் வெளிப்பட்டியல், ‘எல்’ என்றால் உள்பட்டியல். எழுதுபவர் தன் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறார், தற்செயலுக்கு விடுவதில்லை. அந்த மூன்றாம் இடத்தை நிரப்பாமல் மேக்ரோவுக்குள் சிம்புட்எக்ஸ் எழுதப்பட்டிருப்பதைக் கண்டால், மதிப்பாய்வில் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இவ்வளவு சொன்ன பிறகு, எதை மேக்ரோ மாறியில் ஏற்றக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏனெனில் இந்த உத்தி கைவந்தவர்கள் எல்லாவற்றுக்கும் இதையே பயன்படுத்தத் தொடங்குகிறார்கள். சாஸோடு சேர்ந்தே வரும் மாதிரி டேட்டாசெட்டான சாஸ்ஹெல்ப் கிளாஸில் 19 மாணவர்களின் உயரம் இருக்கிறது. கூட்டுத்தொகை 1184.4; சராசரி 62.336842105 என்று நீண்டுகொண்டே போகும். இன்டு வழியாக, வடிவம் எதையும் குறிப்பிடாமல், அந்தச் சராசரியை மேக்ரோ மாறியில் ஏற்றினால் எட்டு இடங்களுக்குள் 62.33684 என்று வெட்டுப்படும். பிறகு ஒவ்வொரு மாணவரின் உயரத்திலிருந்தும் அதைக் கழித்து, வித்தியாசங்களைக் கூட்டினால் விடை பூச்சியமாக வர வேண்டும், வருவதோ 0.00004. பத்தொன்பது பேருக்கு இது ஒன்றுமில்லை என்று தோன்றலாம். வர்க்கப்படுத்தி, பெருக்கி, மேலும் கணக்குகளுக்குள் செலுத்தும்போது இது எங்கே போய் நிற்கும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மேக்ரோ மாறிக்குள் எண் என்பது எழுத்து. எழுத்தாகும்போது இலக்கங்கள் உதிர்வது அதன் இயல்பு. பதினாறு இட ஹெக்ஸ் (பதினாறடிமான) வடிவில் அனுப்பி, மறுபக்கம் அதே வடிவில் திரும்பப் படித்தால் ஒரு துளியும் சிந்தாது என்பது உண்மையே. ஆனால் அவ்வளவு பாடுபடுவதற்குப் பதில், சராசரியை ஒரு வரி டேட்டாசெட்டாக வைத்துக்கொண்டு மூலத் தரவோடு சேர்ப்பது எளிது. எஸ்க்யூஎல் ஒரே வாக்கியத்தில் அதைத் தானாகவே சேர்த்தும் தரும்.

என் அளவுகோல் இதுதான்: நிரலின் எழுத்தாக மாற வேண்டியது மேக்ரோ மாறிக்குப் போகட்டும், கணக்கில் நுழைய வேண்டியது டேட்டாசெட்டிலேயே இருக்கட்டும். அட்டவணையின் தலைப்பு ப்ராக் ரிப்போர்ட்டின் வாக்கியத்தில் மேற்கோளுக்குள் எழுதப்படும் எழுத்து. ஆகவே தலைப்பில் வரும் 86 மேக்ரோ மாறியாக வருவது இயல்பு. அந்த மேற்கோள் இரட்டை மேற்கோளாக இருக்க வேண்டும்; ஒற்றை மேற்கோளுக்குள் & குறி தீர்க்கப்படாமல் அப்படியே அச்சாகும். அதே அட்டவணையின் சதவீதங்களை வகுக்கும் 86, டேட்டாசெட்டிலிருந்து இணைப்பின் வழியாக வந்தால் இன்னும் நல்லது. அப்படிச் செய்தால் ஒரு குழுவின் எண் இன்னொரு குழுவின் வரிகளை வகுக்கும் வாய்ப்பே அற்றுப்போகிறது. சிகிச்சைக் குறியீடு பொருந்தினால் ஒழிய இணைப்பு நடக்காது. மருத்துவ அறிக்கைகளில் ஒரே அட்டவணையை இரண்டு பேர் தனித்தனியே எழுதி, ப்ராக் கம்பேரால் ஒப்பிடும் வழக்கம் உண்டு. அந்த இருவரும் ஒரே பொது மேக்ரோவிலிருந்து வகுக்கும் எண்ணை எடுத்துக்கொண்டால் ஒப்பீடு வெறும் சடங்காகிவிடும்; இருவருக்கும் ஒரே தவறு வரும், கம்பேர் இரண்டும் பொருந்துகின்றன என்று சொல்லும். சரிபார்ப்பவர் அந்த எண்ணைத் தானே எண்ணிப் பெற வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

பட்டியல்களுக்கும் இதே அளவுகோல்தான். செப்பரேட்டட் பை என்ற சொற்களைச் சேர்த்தால், ஒரு நெடுவரிசையின் மதிப்புகள் அனைத்தையும் காற்புள்ளி இட்டு ஒரே மேக்ரோ மாறியில் கோக்கலாம். டிக்ஷனரி காலம்ஸ் என்னும் பட்டியலிலிருந்து ஒரு டேட்டாசெட்டின் நெடுவரிசைப் பெயர்களை இப்படிக் கோத்து, கீப் வாக்கியத்தில் பெய்வது மிக அழகான பயன்பாடு. லைப்ரரியின் பெயரையும் டேட்டாசெட்டின் பெயரையும் அங்கே ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. நெடுவரிசைப் பெயர்கள் நிரலின் எழுத்துகள். அவை இங்கே இருக்க வேண்டியவையே. நோயாளிகளின் அடையாள எண்களை இதே போலக் கோத்து, ஒரு மதிப்பு பட்டியலில் உள்ளதா என்று பார்க்கும் ‘இன்’ (in) நிபந்தனைக்குள் பெய்வதையும் அடிக்கடி பார்க்கிறேன். சனோமெலின் தரவில் அடையாள எண் ஒன்றுக்குப் பதினோர் எழுத்துகள். மேற்கோள்கள் இரண்டும் காற்புள்ளி ஒன்றும் சேர்ந்தால் பதினான்கு. 254 பேருக்கும் மூவாயிரத்து ஐந்நூறு எழுத்துகளைச் சற்றே தாண்டும், தாராளமாகக் கொள்ளும். மேக்ரோ மாறி ஒன்றின் மதிப்புக்கு உச்ச வரம்பு 65,534 எழுத்துகள். அந்தக் கணக்கில் 4,681 பேர் வரை இடமுண்டு. அதற்கு மேல் ஒருவர் வந்தாலும் பட்டியல் நடுவில் அறுந்துவிடும். கோவிட் தடுப்பூசிப் பரிசோதனைகளில் 40,000 பேருக்கு மேல் பங்கேற்றவையும் உண்டு. அங்கே அடையாள எண்களை மேக்ரோ மாறிக்குள் கொண்டுபோக முயலவே வேண்டாம். அவை டேட்டாசெட்டில் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், இன் நிபந்தனையின் அடைப்புக்குறிக்குள் ஒரு துணை செலக்ட் வாக்கியத்தை எழுதினால் எஸ்க்யூஎல் அவற்றை நேரே அங்கிருந்து படித்துக்கொள்ளும்.